முதலில் டயருக்கு இடம்

பஸ்ஸில் பின் டயருக்கு மேலே வரும் சீட்டில் யாரும் விரும்பி உட்காருவதில்லை. கால் வைக்கும் இடத்தில் தரை மேடாக எழுந்து நிற்கும். முழங்கால் நெஞ்சுக்கு நேரே வந்துவிடும். சின்ன வயதில் எனக்கு அந்த சீட்தான் வேண்டும். மற்ற சீட்டுகளில் கால் எட்டாமல் தொங்கும். அங்கே மட்டும் இரண்டு பாதமும் முழுசாகப் பதியும். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் போய்ச் சேரும் வரை, கீழே சக்கரம் கல்லில் ஏறி இறங்குவது உள்ளங்காலில் தெரிந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு டயர் மேடு என்று பெயர்.

அப்பா பஸ் டிப்போவில் பாடி செக்‌ஷனில் வேலை பார்த்தவர். நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்து, எத்தனையோ டயர் மேடுகளை மாற்றியிருக்கிறார். பட்டறையில் அதை வீல் ஆர்ச் என்பார்கள். போன வருஷம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன கேம்பிங் ட்ரெய்லர் கட்டினோம். ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற, படுக்கவும் உட்காரவும் காபி போடவும் இடமுள்ள ஓர் அறை. அந்த அறையில் கதவு எங்கே, கட்டில் எவ்வளவு உயரம், தண்ணீர் கேன் எந்த மூலையில் என்று எல்லாவற்றையும் முடிவு செய்தது அந்த டயர் மேடுதான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ரப்பர் விளை, அதாவது தோட்டம், மூன்று துண்டாகக் கிடக்கிறது. வீடு அடிவாரத்தில். மேல் துண்டுக்கு எங்கள் நிலத்துக்குள்ளேயே மண் பாதையில் ஏறிப் போக வேண்டும். மழை விட்ட காலையில் அங்கிருந்து பார்த்தால் பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரியும். ரப்பர் வெட்டு விடியும் முன்பே நடக்க வேண்டிய வேலை. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாலு மணிக்கே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அப்பா கத்தி பிடிப்பதை நிறுத்திவிட்டார். மூட்டு தேய்ந்துவிட்டது. ஆனாலும் சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கும்போது அவர் விளையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு முழுக்க முகம் வாடியே இருக்கும். இருட்டில் அந்த ஏற்றத்தில் அவரை நடக்கவிட எனக்கு மனசில்லை. மேலே ஒரு ஷெட் போடலாம்தான், ஆனால் மூன்று துண்டிலும் போட முடியாது. சரி, அறையே நகரட்டும் என்று முடிவு செய்தோம். லீவுக்கு வரும் பிள்ளைகளும் மேலே போய்த் தங்கிக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகனம் என்ற சொல்லுக்குள் ட்ரெய்லரும் அடங்கும். பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் அதை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எங்களுடையது விளைக்குள் மட்டும் ஓடுவது, தார் ரோட்டை மிதிப்பதில்லை. ரோட்டில் போகிற ஆசை உள்ளவர்கள் இரும்பு வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சக்கரத்தைப் பெட்டிக்கு வெளியே வைப்பதா, அடியில் வைப்பதா? இதுதான் முதலில் வந்த கேள்வி. வெளியே வைப்பது சுலபம். 1930-களில் அமெரிக்காவில் கிளம்பிய கண்ணீர்த்துளி வடிவ ட்ரெய்லர்களில் பலவும் அப்படித்தான்: நடுவில் நாலடி அகலத்தில் பெட்டி, இரண்டு பக்கமும் சக்கரம், அதன்மேல் ஒரு மட்கார்டு. உள்ளே மேடு பள்ளம் எதுவும் இல்லை. பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி என்பதால் தரைக்கு ஒரே ஷீட் போதும், வெட்டு வேலைகூடக் கிடையாது. நானும் அதைத்தான் ஆசையாக வரைந்து வைத்திருந்தேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்துக்கொண்டு பாதையில் ஏறினார். வளைவில் ஒரு மரத்துக்கும் மண் திட்டுக்கும் நடுவே ஆறடிதான் இருந்தது. ஜீப்பின் பின்னால் திரும்பி வரும்போது, அதில் ஐந்தடிக்கு மேல் அகலமான ட்ரெய்லர் நுழையாது. சக்கரம் வெளியே என்றால் பக்கத்துக்கு எட்டு இஞ்ச் போய், பெட்டிக்கு மூன்றடி எட்டு இஞ்ச் மிஞ்சும். அதில் இரண்டு பேர் புரண்டு படுக்க முடியாது. சக்கரங்களை நடுவில் நெருக்கி வைத்து மேலே அகலமான பெட்டியை ஏற்றலாம் என்றால், பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, வண்டி கவிழும். சக்கரங்கள் எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஆக ஐந்தடிப் பெட்டி, அதன் இரண்டு ஓரத்துக்கும் நேர் கீழே சக்கரம், உள்ளே இரண்டு டயர் மேடு.

“டயருக்கு அதுக்க எடத்தக் குடுத்திரு மக்ளே. பாக்கிய நாம ஒதுக்கிக்கலாம்” என்றார் அப்பா.

மேடு எவ்வளவு உயரம் வரும் என்பது தரை எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. தரையைத் தூக்கிக்கொண்டே போனால் மேடு மறைந்துவிடும், லாரியில் அப்படித்தான். தாழ்த்தினால் மேடு வளர்ந்து அறையைத் தின்னும். வண்டி சாய்வில் ஆடாமல் இருக்கத் தரை தாழ இருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அப்பா ஏற வேண்டும் என்பது இன்னொரு பக்கம். எங்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிசு.

அதை அளக்க முற்றத்தில் செங்கல் அடுக்கினோம். ஒரு செங்கல் மூன்று இஞ்ச் கனம். இரண்டு கல் அடுக்கியபோது அப்பா கையை வீசிக்கொண்டே ஏறி இறங்கினார். மூன்றாவது கல் வைத்தவுடன் அவர் கை தானாக ஜன்னல் கம்பியைத் தேடிப் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இரண்டு கல்லின் மேல் பலகைத் துண்டுகளைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்ததில், எட்டு இஞ்ச் வரை கை எதையும் தேடவில்லை. கீழே எட்டு இஞ்சில் ஒரு படி, அதற்கு மேல் எட்டு இஞ்சில் தரை. ஆகப் பதினாறு இஞ்ச். என் வாழ்க்கையில் நான் எடுத்த அளவுகளிலேயே மிக நம்பிக்கையாக எடுத்தது அதுதான்.

இனி டயர். சின்னக் கார்களில் வரும் 145/80 ஆர் 12 அளவு எடுத்தோம், எந்த பஞ்சர் கடையிலும் தெரிந்த டயர். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் 116 மில்லிமீட்டர் வரும். மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், நடுவில் 12 இஞ்ச் ரிம், கூட்டினால் 537 மில்லிமீட்டர், அதாவது 21 இஞ்ச் விட்டம். லோடு ஏறினால் டயரின் அடி கொஞ்சம் அமுங்கி, நடு அச்சு தரையிலிருந்து பத்து இஞ்சில் நிற்கும். டயரின் தலை இருபதரை இஞ்சில். எங்கள் தரை பதினாறில். ஆக வண்டி சும்மா நிற்கும்போதே டயர் தரை மட்டத்துக்கு மேல் நாலரை இஞ்ச் எட்டிப் பார்க்கும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி டயர் இன்னும் மூன்று இஞ்ச் மேலே வரும். அதற்கும் மேலே ஒரு இஞ்ச் காற்று. எட்டரை. மேல்மூடியின் கனம் அரை. ஒன்பது இஞ்ச் மேடு.

இப்போது வரிசையாகச் சொல்லிவிட்டேன். முதல் தடவை இப்படிச் செய்யவில்லை. பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணன் இரண்டு இஞ்ச் சதுரப் பைப்பில் சேஸி, அதாவது அடிச்சட்டம், ஒட்டி, ஆக்ஸில் என்கிற சக்கர அச்சும் ஸ்பிரிங் பட்டையும் மாட்டித் தந்த அன்றே, ஆசையில் அதன்மேல் டேப்பை வைத்தேன். வெறும் சேஸி. அதில் தரை பதினெட்டு இஞ்சில் நின்றது. டயர் இரண்டரை இஞ்ச்தான் மேலே வந்தது. மூன்று இஞ்ச் ஆட்டத்துக்கு, ஒரு இஞ்ச் காற்றுக்கு, அரை இஞ்ச் மூடிக்கு என்று கூட்டி, ஏழு இஞ்சில் பிளைவுட் பெட்டி அடித்துவிட்டேன். சுவர், கூரை, மெத்தை, தண்ணீர், ஆள் எல்லாம் ஏறியபோது பட்டை இரண்டு இஞ்ச் அமுங்கியது. தரை எனக்கு வேண்டிய பதினாறுக்கே வந்தது, அதில் சந்தோஷப்பட்டேன். டயருக்கும் மூடிக்கும் நடுவே மிஞ்சியது இரண்டே இஞ்ச் என்பதை யோசிக்கவில்லை.

முதல் ஏற்றத்தில் வேர் ஒன்றின்மேல் ஏறி இறங்கியபோது ஜீப்புக்குள் கருகல் வாடை வந்தது. நிறுத்தி, பெட்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளைவுட்டின் அடியில், டயர் உரசிய இடம் கறுத்து, வில் போல வளைந்து, தொட்டால் சுட்டது. மேல் ஏடு பிய்ந்து நார் நாராகத் தொங்கியது. அப்பா குனிய முடியாமல் நின்றுகொண்டே, “எங்க தட்டுது? பொறத்தயா, உள்ளயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “கட்ட வச்சியா மக்ளே?” என்றார்.

வைக்கவில்லை. ஆக்ஸில் மேலே வரும்போது சேஸியில் முட்டி நிற்க ஒரு ரப்பர் கட்டை வேண்டும். அது இருந்தால் டயர் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஒரு கடைசி எல்லை இருக்கும். காலி வண்டியோ லோடு வண்டியோ, அந்த எல்லை மாறாது. மேட்டின் உயரத்தை அந்தக் கட்டையிலிருந்து அளக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கி வைத்துக் கட்டையில் முட்டும்வரை தூக்கி, அப்போது டயரின் தலை எங்கே நிற்கிறதோ அதற்கு மேல் ஒரு இஞ்ச் விட்டு மூடி. இரண்டாவது தடவை இப்படித்தான் அளந்தோம். எட்டரை இஞ்ச் நூல் பிசகாமல் வந்தது. இந்த ஒரு பத்திக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்பது இஞ்ச் மேடு வந்தபிறகு கட்டில் தானாக முடிவானது. தரையிலிருந்து பன்னிரண்டு இஞ்சில் பலகை, அதன்மேல் ஐந்து இஞ்ச் மெத்தை. ரப்பரும் தேங்காய் நாரும் சேர்ந்த மெத்தை. இரண்டுமே எங்கள் ஊர்ச் சரக்கு என்பதில் அப்பாவுக்கு ஒரு திருப்தி. மொத்தம் பதினேழு, அப்பாவின் நாற்காலி உயரம். மேட்டுக்கும் பலகைக்கும் நடுவே மூன்று இஞ்ச் இடைவெளி கிடைத்தது. அதில் பாய், குடை, பிள்ளைகளின் செஸ் போர்டு போகிறது. வலது பக்கம் முழு நீளத்துக்கும் 28 இஞ்ச் அகலத்தில் பெஞ்சு, அதன் அடியில் ஒரு மேடு. இடது பக்க மேட்டின்மேல் குட்டியாக ஒரு பெட்டி சீட். நடுவில் நடைவழி. ராத்திரி நடைவழிக்குக் குறுக்கே மூன்று பலகையைப் போட்டால் சுவரிலிருந்து சுவர் வரை படுக்கை.

நீள வாக்கிலும் மேடுதான் எஜமான். எட்டடிப் பெட்டியில் ஆக்ஸிலை முன்சுவரிலிருந்து 55 இஞ்ச் தள்ளி வைத்தோம், நடுவைவிடக் கொஞ்சம் பின்னால். அப்போதுதான் கொக்கிமேல் கொஞ்சம் எடை விழும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் விழ வேண்டும் என்பது பழைய பழக்கம். எங்களுக்கு 350 கிலோவுக்கு 35. வீட்டில் எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் வைத்தே அளந்தோம். ஏற்றத்தில் பின்பாரம் கூடினால் கொக்கி மேலே இழுக்கும், ஜீப்பின் பின் டயர் பிடி விட்டுச் சுற்றும்.

ஆக்ஸில் அங்கே என்றால் மேடும் அங்கே. மேடு இருக்கும் இடத்தில் கதவு வைக்க முடியாது. பின்னால் வைத்தால் அப்பா ஏறியவுடன் மேட்டைத் தாண்ட வேண்டும். ஆகக் கதவு மேட்டுக்கு முன்னால், இடது பக்கம். கதவைத் திறந்தால் வெறும் தரை, கால் ஊன்றித் திரும்பினால் நேரே பெஞ்சு. காசு கொடுத்து வாங்கிய எந்த வரைபடத்திலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

தண்ணீரை நான் முதலில் பின்னால், அடுப்புப் பக்கம் வைத்திருந்தேன். தட்டையான இருபது லிட்டர் கேன் இரண்டு, நாற்பது கிலோ. நிரம்பியிருக்கும்போது கொக்கியில் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்தது, தீரத் தீரக் கூடியது. அதை வலது மேட்டை ஒட்டி, பெஞ்சுக்கு அடியில் நகர்த்தினேன். ஆக்ஸிலுக்கு நேர் மேலே வந்துவிட்டது. இப்போது கேன் நிறைந்தாலும் காலியானாலும் மெஷினில் முள் அசைவதில்லை. மேட்டை ஒட்டிக் கிடந்த அந்த இடத்தை உபயோகமில்லாத இடம் என்று நினைத்திருந்தேன். வண்டியிலேயே பாரம் வைக்க மிக நல்ல இடம் அது.

இரண்டாவது மேட்டைப் பிளைவுட்டில் செய்யவில்லை. குளச்சல் பக்கம் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த ஒருவரை அழைத்து வந்தேன். அச்சுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் முற்றத்தில் கிடந்த இருநூறு லிட்டர் டிரம்மைக் கையால் தட்டினார். அதன் ஆரம் பதினொன்றரை இஞ்ச். டயரின் ஆரம் பத்தரை. சுற்றிலும் ஒரு இஞ்ச் காற்று, யாரோ எங்களுக்காகவே செய்து வைத்தது போல. டிரம்மை நெடுக்கில் பிளந்து, வாயைக் கொஞ்சம் விரித்தோம். பட்டை அமுங்கி நீளும்போது ஆக்ஸில் சற்றுப் பின்னால் நகரும், அதற்காகப் பின்பக்கம் கூடுதல் இடம். மேலே மெழுகு பாலிஷ் இரண்டு கோட். அப்புறம் கண்ணாடி நார் விரிப்பைப் பரப்பி, ரெசின் என்கிற பிசினில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழியை வெளியே தள்ளி, மூன்று அடுக்கு. கண்ணாடி நாரின் வெள்ளை நிறம் ரெசின் ஊற ஊறக் கண்ணெதிரே மறைந்து, அடியில் டிரம்மின் நீலம் தெரியும் அந்த நிமிஷம் பார்க்க வேண்டியது. ஹார்ட்னர் கூடினால் சூடேறி விரிசல் விட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே, மூடியில் அளந்து ஊற்றினார். சாயங்காலம் மரச் சுத்தியால் இரண்டு தட்டு. முழுசாகக் கழன்று வந்தது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை மழையை எதிர்பார்க்கலாம். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம், மேடும் தரையும் சேரும் மூட்டு. நாங்கள் போட்டது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் நல்ல பிளைவுட்தான். ஆனாலும் எந்தப் பிளைவுட்டும் வெட்டு முனை வழியாகத் தண்ணீர் குடிக்கும். அதனால் ஃபைபரை மேட்டோடு நிறுத்தாமல், தரையின் வெட்டு முனையைச் சுற்றி அடிப்பக்கம் வரை மடித்து ஒட்டினோம். மரம் வெளியே தெரியும் இடமே இல்லை.

சத்தம்தான் மிச்சம். சரளைக்கல் தெறித்தால் மேடு தப்பட்டை மாதிரி அடித்தது. நம்ம ரப்பர் ஷீட்டையே உள்ளே ஒட்டலாமே என்று அப்பா ஆசைப்பட்டார். கொடியில் காயும் ஷீட் பச்சை ரப்பர், கந்தகம் சேர்த்து வேகாதது. வெயிலில் இளகிப் பிசுபிசுத்துவிடும். அதனால் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினோம். அதிலும் ஏதோ ஒரு விளையில் சொட்டிய பால் கொஞ்சம் இருக்கலாம் என்றேன். “கொள்ளாம்” என்றார், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வழி வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் வைக்காமல் சேஸிக்கு அடியில் வைத்துத் தூக்கினால், சக்கரம் தொங்கிக் கீழே இறங்கும், பக்கவாட்டில் உருவி எடுத்துவிடலாம். வண்டிப் பெட்டியின் பக்கச் சுவரில் விடும் வெட்டு அதற்கேற்ற உயரத்தில் இருக்க வேண்டும்.

மேட்டின் உட்புறம், டியூபுக்கு மேல், வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். டயர் எங்காவது தொட்டால் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். மாதத்துக்கு ஒரு தடவை டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்ப்பது வழக்கம். போன மாதம் பார்த்தபோது வெள்ளையெல்லாம் சேறு, கறுப்பு எங்கும் இல்லை. இடது மேட்டின் உச்சியில், டயருக்கு நேர் மேலே, குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கட்டை விரல் கனம், ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. மண் காய்ந்து வெளுத்திருந்தது. இடையில் நாங்கள் வண்டியை இரண்டு தடவை மேலும் கீழும் இழுத்திருந்தோம். கூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். எவ்வளவு கனம் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். அது பறந்து போகும்வரை அந்தப் பக்கம் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றார்.